மிஞ்சிய அட்டையை எடுத்துக்கொண்டவர்

காலை ஷிஃப்டுக்குப் போன என் அக்கா ரூபி, கம்பெனி வாசலில் இருந்தே போன் செய்தாள். உள்ளே போன் எடுக்கக் கூடாது என்பதால் அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதே கிடையாது. "ஜெனி, அம்மா பக்கத்துல கீறாங்களா? முதல்ல அவங்கள உக்கார வை" என்றாள். அதற்குத் தேவையில்லாமல் போனது. என் முகத்தைப் பார்த்தே அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். "ஸ்டெல்லாவா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று அந்த வாசலில் நடந்ததை ரூபி சாயங்காலம் வந்து சொன்னாள். நம் ஸ்டெல்லா அக்காவின் இடத்தில் நின்ற செக்யூரிட்டிப் பெண், பையைத் திறக்கச் சொல்லவும் மறந்து அழுதுகொண்டிருந்தாராம். வெளியே கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்க, பெண்கள் தாங்களாகவே பையைத் திறந்து அவர் முன்னால் காட்டிவிட்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்களாம். யாரும் கேட்காமலே இத்தனை பேர் சோதனைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்ததை நம் சபையில்கூட நான் பார்த்ததில்லை.

மறைந்த ஸ்டெல்லா அக்காவின் நினைவாக வைக்கும் நன்றி ஆராதனை மலருக்கு என்னை எழுதச் சொல்லலாம் என்று போதகர் சொன்னபோது, கமிட்டியில் ஒருவர், "அந்தப் பொண்ணா? வெளையாட்டா எழுதிடுமே" என்றாராம். கவலை வேண்டாம் அங்கிள், விளையாட்டாகத்தான் எழுதப்போகிறேன். எல்லோரும் மூக்கைச் சிந்துகிற மாதிரி எழுதினால் ஸ்டெல்லா அக்கா என் கனவில் வந்து பையைச் சோதிப்பார்.

உங்களில் சிலருக்கு அவரைச் சபையில் மட்டும் தெரியும். சிலருக்கு வேலையிடத்தில் மட்டும் தெரியும். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டெல்லா அக்கா செக்யூரிட்டி. உள்ளே போகிற, வெளியே வருகிற பெண்களின் பைகளைப் பார்ப்பார். போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார். நமக்கெல்லாம் சோதனை என்றால் கஷ்டகாலம். அக்காவுக்கு அது சம்பளம். அவர் கணவர் தாஸ் அண்ணன் சுங்குவார்சத்திரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் ஒருத்தியே போதும் என்று தாஸ் அண்ணன் கையெடுத்துக் கும்பிடுவார்.

நைட் ஷிஃப்ட் முடிந்த ஞாயிறுகளில் அக்கா யூனிஃபார்மோடு நேராக ஆராதனைக்கு வந்துவிடுவார். பாட்டுகள் முடியும்வரை விழித்திருப்பார். போதகர் போதிக்க எழுந்தால் அக்காவின் கண்கள் போதும் என்று சொல்லிவிடும். அப்படி ஒரு ஞாயிறு, ரூபியின் போனுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் இரண்டை அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். காணிக்கைப் பாட்டுக்கு விழித்த அக்கா, "கரென்ட் போச்சா?" என்று உரக்கக் கேட்டார். போதகரே சிரித்துவிட்டார். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். "கைய தூக்கு. பையத் தொற." சபையே பார்க்க என்னைச் சோதித்து, என் வேதாகமப் பையிலிருந்து ஒரு ரப்பர் பல்லியை எடுத்தார். "ஐயா, இது உள்ள வர்றதுக்கு பாஸ் இல்ல" என்று போதகரிடமே கொடுத்தார். இன்றுவரை பல்லி திரும்பி வரவில்லை.

இனி வாக்குத்தத்த அட்டைகள். புது வருஷக் காலை ஆராதனை முடிந்ததும் தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை ஆளுக்கு ஒன்றாக எடுப்போம். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷம் முழுக்க நமக்கு. தாம்பாளத்தைப் பிடிப்பது ஸ்டெல்லா அக்கா. நம் ஜனங்களைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? பெருகப் பண்ணுவேன், உயர்த்துவேன் என்று வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பொறுத்திரு, போதும் என்றிரு, அடுத்தவரை மன்னி என்று வந்தால் யாரும் பார்க்காதபோது திரும்பக் கவிழ்த்துவிட்டு இன்னொன்றை உருவுவோம். அக்கா எல்லாவற்றையும் பார்ப்பார். பை சோதிக்கிற கண் அல்லவா? ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார். கடைசி ஆளும் எடுத்த பிறகு தாம்பாளத்தில் மிஞ்சுவதை அவர் எடுத்துக்கொள்வார். வருஷா வருஷம் அது யாரோ வேண்டாம் என்று திருப்பி வைத்த அட்டையாகத்தான் இருக்கும்.

"உங்களுக்கு மட்டும் எப்பவும் ரிஜெக்ட் பீஸ்தானா அக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ரிஜெக்ட் பண்ணது நீங்கடி. அனுப்பினவர் பாஸ் பண்ணித்தானே அனுப்பிகீறார்" என்றார்.

ஒரு வருஷம் அந்தத் தாம்பாளத்தில் என் கைவண்ணமும் ஒன்று இருந்தது. 'பயப்படாதே, இன்று மத்தியானம் உனக்கு மட்டன் பிரியாணி உண்டு' என்று அழகாக எழுதி நடுவில் செருகியிருந்தேன். யார் எடுத்தார்களோ, எடுத்தவர் திரும்ப வைத்துவிட்டார். மட்டன் என்று எழுதியும் நம் ஆட்களுக்கு விசுவாசம் வரவில்லை. கடைசியில் அது அக்காவிடம் போனது. மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் அட்டையும் கையுமாக நின்றார்.

"ஜெனி, வாக்குத்தத்தம் நிறைவேற வந்துகீறேன்."

அம்மா ஒன்றும் புரியாமல் இலை போட்டார். எங்கள் வீட்டில் அன்று சிக்கன். அக்கா ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "மட்டன்னு எழுதிட்டு சிக்கன் போட்டா அது கள்ளத் தீர்க்கதரிசனம் டி" என்றார். நன்றாகவே சாப்பிட்டார். கை கழுவும்போதுதான் கேட்டேன், என் வேலை என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்று. "நல்ல விஷயமா எழுதிகீதேன்னு எல்லாம் மேலேர்ந்து வந்துடுச்சுன்னு நெனச்சுக்க முடியுமா? யார் கைன்னு பாக்கணும். உன்னோட 'ப' கோழி கிண்டின மாதிரி இருக்கும்." எனக்கு அது அன்று வெறும் கேலி.

இரண்டு வருஷங்களுக்கு முன் அந்த 'யார் கை' என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள் வேறு விதமாக வந்தது.

அந்தப் புது வருஷ நாளில் ரூபிக்கு ஷிஃப்ட். அவளும் அக்கா வேலை செய்யும் அதே கம்பெனியில், பாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அவளுக்காக அம்மா ஒரு அட்டை எடுத்தார். நீ தண்ணீரைக் கடக்க நேர்ந்தாலும் நான் உன்னோடு இருப்பேன் என்று ஆண்டவர் ஆறுதல் சொல்கிற வசனம் அது. அதே வாரத்தில் மாமா ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார்.

அம்மாவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "பாத்தியா, தண்ணியக் கடக்கும்போதுன்னு வந்துச்சே! குவைத்துக்குத் தண்ணியத் தாண்டித்தானே போவணும்? கர்த்தர் எவ்ளோ தெளிவா பேசிகீறார் பாரு!"

"ஏரோப்ளேன்ல போனா தண்ணி கீழ தானே இருக்கும்?" என்றேன். கரண்டி பறந்து வந்தது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. லாரி கம்பெனியில் சூப்பர்வைசர் சொன்னால் சரி என்பார். வீட்டில் சூப்பர்வைசர் அம்மா. ரூபியும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. தோசை முறுகலாக இல்லை என்றால் ஒரு மணி நேரம் பேசுகிறவள், தன் கல்யாணத்துக்கு வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்தாள், தலையாட்டினாள், பஸ் ஏறிப் போய்விட்டாள். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "எனக்குப் புடிச்சா இன்னா, புடிக்கலன்னா இன்னா. ஆண்டவரே சொல்லிட்டார்ல" என்றாள். அவள் அதைச் சொன்ன குரலில் ஆண்டவர் மேல் அன்பு இல்லை. பயம் மட்டுமே இருந்தது.

கம்பெனி வாசலில் ஒரு நாள் அவள் பையைப் பார்த்துவிட்டு ஸ்டெல்லா அக்கா சொன்னாராம்: "பையில ஒண்ணுமில்ல. மூஞ்சிலதான் இன்னாவோ ஒளிச்சு வெச்சிருக்க." பின்னால் வரிசை நின்றது. ரூபி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். அக்காவும் விட்டுவிட்டார். வற்புறுத்திக் கேட்கவில்லை. அதை ரூபி இன்றும் நன்றியோடு சொல்கிறாள்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் அம்மா வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார். தெருப் பெண்கள் எல்லாம் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். டீயும் மிக்சரும் சமையலறையில் காத்திருந்தன. நானும் மிக்சர் பக்கத்தில் காத்திருந்தேன். பாட்டு முடிந்ததும் அம்மா, "ஸ்டெல்லா, நீ ஜெபம் பண்ணு. கர்த்தரோட சித்தம் தடையில்லாம நடக்கணும்னு" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அக்கா மூடவில்லை.

"சித்தம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுதுக்கா?"

"இன்னா ஸ்டெல்லா இப்படிக் கேக்குற! அட்டையிலயே வந்துச்சே. நீ புடிச்ச தாம்பாளம்தானே!"

"நான் புடிச்ச தாம்பாளத்துல பிரியாணி கூடத்தான் வந்துச்சு" என்றார் அக்கா. இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அக்காவும் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோச்சுக்காதீங்கக்கா. எங்க கம்பெனி கேட்டாண்ட டெய்லி யாராவது வந்து, 'பெரியவர் சொன்னாரு, உள்ள வுடு'ன்னு நிப்பாங்க. நான், 'யாராண்ட சொன்னாரு, எப்ப சொன்னாரு'ன்னு கேப்பேன். உள்ள போன் போட்டு அவரையே கேப்பேன். அதுக்கு அவர் ஒரு நாளும் கோச்சுக்கல. அவர் பேரச் சொல்லிக்கினு கண்டவங்க உள்ள வராம இருந்தா அவருக்குத்தானே நல்லது? ஒரு மனுசன் பேருக்கே இவ்ளோ கேக்குறோம். ஆண்டவர் பேருன்னா கேக்காமலே கேட்டத் தொறந்துடணுமா?"

"அப்போ கர்த்தரோட வார்த்த பொய்யா?" அம்மா கேட்டார்.

"வார்த்த நெசம்க்கா. தண்ணி வந்தாலும் கூட இருப்பேன்னு சொல்றார். போய்த் தண்ணில குதின்னு எங்க சொன்னார்?"

அக்கா ரூபியைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். பார்த்திருந்தால், நீ பேசு என்று தூண்டியதாக ஆகியிருக்கும். பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். எதிர்வீட்டு அத்தை ஒரு இருமல் இருமினார். அப்போது ரூபி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு இஷ்டமில்லம்மா. இல்லன்னு சொன்னா ஆண்டவரையே இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் சொல்லல."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா கதவோரமாக நின்றவர், வந்து ரூபியின் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு ஸ்டெல்லா அக்கா கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். நீளமாக எல்லாம் இல்லை. "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்ச மாதிரி பேசினா மன்னிச்சுடும். இந்தப் பொண்ண வுட்டுடாதேயும்." ஆமென் சொல்வதற்குள் நான் அழுதுவிட்டேன். மிக்சர் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வரன் நின்றுபோனதில் மாமா கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அம்மா அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். கோயிலில் எதிரே வந்தால் பாட்டுப் புத்தகத்தை விரித்துக்கொள்வார். விசுவாசம் இல்லாதவள், நல்ல காரியத்தைத் தடுத்தவள் என்று நம்மில் சிலரே பேசினோம். அடுத்த புது வருஷத்தில் தாம்பாளம் வேறு ஒருவர் கைக்குப் போனது. அன்று அக்கா வரிசையில் நின்றார். பின்னால் வருகிறவர்களை எல்லாம், "நீங்க போங்க, நீங்க போங்க" என்று முன்னால் அனுப்பிவிட்டு, கடைசியாகப் போய் மிஞ்சியதை எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கோவமே வராதா அக்கா?" என்று கேட்டேன்.

"வராம? நேத்து தாஸ கத்தின கத்துல பக்கத்து வூட்டு நாய் ஓடிடுச்சு." பிறகு கையிலிருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினார். "தாம்பாளம் கையில இருந்தாலும் எனக்கு ஒரு அட்டைதான். இல்லன்னாலும் ஒரு அட்டைதான். அத நெனச்சா கொஞ்சம் அடங்குது."

நான் விடவில்லை. நீங்கள் சொன்னது சரிதானே, பிறகு ஏன் எல்லோரும் இப்படி, என்றேன். அக்கா சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையன் தங்கமானவனா இருந்திருக்கலாம். உங்கக்கா அங்க நல்லா இருந்திருக்கலாம். அவ பயந்துகினு தலையாட்டக் கூடாதுன்னு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியாதுடி." ரூபிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். தோசைக்கு மறுபடியும் குறை சொல்கிறாள்.

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷனுக்குக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி வந்த அன்றே அம்மா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அத்தனை மாதம் பேசாமல் இருந்தவர்கள் என்ன பேசுவார்கள் என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். "உப்பு கம்மியா போட்டுகீறேன், பாத்து சொல்லு" என்றார் அம்மா. "கம்மிதான். ஆனா நல்லா கீது" என்றார் அக்கா. அவ்வளவுதான் சமாதானம். கமிட்டி போட்டிருந்தால் மூன்று கூட்டம் ஆகியிருக்கும்.

அதன் பிறகு அம்மா அநேகமாக தினமும் போனார். ஆபரேஷன் முடிந்த வாரத்தில் ஒரு நாள், வேறு ஊர்ச் சபையிலிருந்து ஒரு தம்பி ஜெபிக்க வந்தார். நல்ல மனசுக்காரர். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அம்மா, கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார். நீங்க முழுசா சுகமாகி எழும்பி நடப்பீங்க, மரிக்க மாட்டீங்க" என்றார். நான் ஆமென் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் அம்மா, கையில் கஞ்சி டம்ளரோடு, "யாராண்ட சொன்னாரு தம்பி? எப்ப சொன்னாரு?" என்று கேட்டாரே பார்க்கலாம்!

ஸ்டெல்லா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வெக்காதீங்கக்கா, தையல் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அந்தத் தம்பி முகம் சிவந்து கிளம்பப் பார்த்தார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "போகாதீங்க தம்பி. சொகமாகணும்னு ஜெபம் பண்ணுங்க. எனக்கும் அதான் ஆச. ஆயிடும்னு மட்டும் அவருக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போடாதீங்க." அவர் ஜெபித்தார். அது நல்ல ஜெபம்.

அவர் போன பிறகு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "பயமா கீதுக்கா" என்றார். அம்மா காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "பயப்படாத" என்றார். "பயப்படாதன்னு சொல்றவர் மடியில உக்காந்துகினுதான் பயப்படுறேன். தள்ளிவுட மாட்டார்." அக்கா பேசியதில் என் காதால் நான் கடைசியாகக் கேட்டது அதுதான். அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை தொடங்கியது, அதற்குப் பிறகு நான் அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. அக்கா வீட்டுக்கு வந்தார், கொஞ்ச நாள் தேறினார், பிறகு தேறவில்லை.

தாஸ் அண்ணா, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வயசும் இல்லை, வார்த்தையும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரம்மா எங்கள் வீட்டுக்குச் செய்தது பெரிது. ரூபிக்கு ஆண்டவரைத் திரும்பக் கொடுத்தார். இப்போது அவள் ஜெபிக்கும்போது கேட்டுப் பாருங்கள், சண்டை போடுகிறாள், கிண்டல் பண்ணுகிறாள், சில நாள் முறுக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்துவிடுகிறாள். முன்பெல்லாம் ஒப்பிப்பாள். தான் பயப்படுகிற ஒருவரிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வதும் அதைத்தான். வேண்டாம் என்று சொன்னால் ஆண்டவரைக் கூப்பிட்டு மிரட்டாத ஒரு வீடு எனக்கு இருக்கிறது. என் வயசுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிறது, அக்காவால் இருக்கிறது.

அதற்காக எல்லாம் நம் இஷ்டப்படி நடக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நேற்று மத்தியானம் நான் கருவாட்டுக் குழம்பு வேண்டாம் என்றேன். அம்மா தட்டை நகர்த்தி வைத்தார்.

"வேணாம்னா பட்டினி கெட. இது கர்த்தர் சொன்னதில்ல. நான் சொல்றேன்."